மாகோ சந்தி: வடக்கும் கிழக்கும் பிரியும் இடம்

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் மேடையிலே மாலை வேளையில் நிற்போர் ஒரு காட்சியைக் காணலாம். வெள்ளவத்தையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்த குடும்பம் ஒன்று யாழ்ப்பாணத்துக்குச் செல்லக் காத்திருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மற்றொரு குடும்பம் மட்டக்களப்புக்குச் செல்லக் காத்திருக்கும். இரு சாராரும் வெவ்வேறு வண்டிகளில் ஏறினாலும், முதற் சில மணி நேரம் ஒரே தண்டவாளத்தின் வழியாகவே செல்வர். ராகமை, பொல்காவலை, குருநாகல் என்னும் நிலையங்கள் இருவருக்கும் பொதுவானவை. பின்னர் ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிகின்றது. ஒரு வழி அநுராதபுரம், வவுனியா ஊடாகக் காங்கேசன்துறையை நோக்கி ஓடுகின்றது. மற்றது கெக்கிராவை, ஹபரணை, கல்ஓயா ஊடாகக் கீழைக்கரையை நோக்கிச் செல்கின்றது. வழி பிரியும் அந்த இடமே மாகோ சந்தி.

பெரும்பாலான பிரயாணிகள் மாகோவை இருளிலே கடப்பவர்கள். கண் விழித்துப் பார்த்தால் ஒரு மேடை, சில விளக்குகள், வடை விற்பவனின் குரல், நிலையத்தின் பெயர்ப் பலகை, அவ்வளவுதான் தென்படும். பின்னர் வண்டி நகர்ந்துவிடும். ஆயினும், இலங்கையின் வட மாகாணத்தையும் கிழக்கு மாகாணத்தையும் தலைநகரோடு பிணைக்கும் முடிச்சு அந்தச் சிறிய நிலையத்திலேதான் இருக்கின்றது. அந்த முடிச்சு எவ்வாறு இடப்பட்டது, அது எவ்வாறு வேலை செய்கின்றது, அது இறுகினாலும் தளர்ந்தாலும் யாருக்கு என்ன நேரும் என்பவற்றை அறிந்துகொள்வது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்வழியே ஊருக்குச் செல்லும் கொழும்புத் தமிழருக்குப் பயனுடையதாகும்.

முதலில், சந்தி என்பது யாது? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இருப்புப்பாதைகள் கூடும் நிலையத்தையே சந்தி என்கின்றோம். ஆனால் பாதைகள் கூடுவதால் மட்டும் ஒரு நிலையம் நல்ல சந்தியாகிவிடாது. மனிதர் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொரு வண்டியில் ஏறுவதற்கு வேண்டிய நேரமும், இடமும், அறிவிப்பும் அங்கே அமைந்திருத்தல் வேண்டும். தண்டவாளம் கூடுவது பொறியியலாளரின் வேலை. வண்டிகள் கூடுவது நேர அட்டவணை வகுப்போரின் வேலை. பிரயாணிகள் கூடிப் பிரிவது நிலைய அதிபரின் பொறுப்பு. இம்மூன்றும் ஒத்து நடக்கும்பொழுதுதான் சந்தி என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.

இலங்கையில் முதற் புகையிரதம் 1864 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. அன்று அமைக்கப்பட்ட பாதையின் நீளம் 54 கிலோமீற்றர். 1867 இல் அது கண்டியை எட்டியது. மலைநாட்டில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அக்காலத்தில் அதன் முதல் நோக்கமாக இருந்தது. பின்னரே பிற பகுதிகளுக்கும் பாதை நீண்டது. பொல்காவலையில் பிரதான பாதையிலிருந்து கிளைத்த வடபாதை 1894 இல் குருநாகலை அடைந்தது. வடக்கிலே, காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதி 1902 இல் திறக்கப்பட்டது. இரு புறத்திலிருந்தும் வளர்ந்துவந்த பாதை நடுக்காட்டிலே ஒன்றுகூடி, 1905 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேராகப் புகையிரதம் ஓடிற்று. 1914 இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார்ப் பாதை பிரிந்தது. பாக்குநீரிணையின் மறுகரையில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். 1928 இல் மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் நிறைவெய்தின. இப்பாதைகளுக்கு அடிமரமாக அமைந்தது மாகோ. வடபாதையின் இடையே ஒரு சாதாரண நிலையமாக நின்ற அவ்வூர், அன்று முதல் பெருஞ் சந்தியாயிற்று.

மாகோ குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோட்டையிலிருந்து சுமார் 137 கிலோமீற்றர் தூரம். தென்னந்தோட்டங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, குளங்களும் வயல்களும் உலர்ந்த காடுகளும் தொடங்கும் எல்லையிலே அது இருக்கின்றது. அதற்கு அண்மையில் யாப்பகூவை என்னும் மலைக்கோட்டை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு மன்னன் அங்கிருந்து அரசாண்டான். பாண்டிய நாட்டு மாறவர்மன் குலசேகரன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி அக்கோட்டையை வென்று, புனித தந்தத்தைக் கைப்பற்றிச் சென்றதாகச் சரித்திரம் கூறுகின்றது. ஆக, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் வழிகள் சந்திக்கும் இடம் என்னும் பெயர் அப்பகுதிக்குப் புகையிரதம் வருவதற்கு முன்பே உண்டு எனலாம்.

இனிச் சந்தியின் வேலையைக் கவனிப்போம். கொழும்பிலிருந்து பொல்காவலை வரை இரட்டைப் பாதை உண்டு. போகும் வண்டிக்கு ஒன்று, வரும் வண்டிக்கு ஒன்று. அதற்கு அப்பால் வடக்கேயும் கிழக்கேயும் பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று விலகிச் செல்ல வேண்டுமானால், அவற்றுள் ஒன்று ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்றல் வேண்டும். ஆகையால் ஒற்றைப் பாதையில் தாமதம் ஒரு தொற்றுநோய் போன்றது. வடக்கே ஒரு வண்டி தாமதித்தால், அதை எதிர்பார்த்து நிற்கும் தெற்கு வண்டியும் தாமதிக்கும். அந்தத் தெற்கு வண்டியை எதிர்பார்த்து மாகோவில் நிற்கும் கிழக்கு வண்டியும் தாமதிக்கும்.

ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் மோதாமல் காப்பது எவ்வாறு? இங்கிலாந்திலே 1874 ஆம் ஆண்டில் தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியிலே நேர்ந்த ஒரு தவறினால், இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதிப் பலர் மாண்டனர். அவ்விபத்துக்குப் பின்னர் எட்வர்ட் டயர் என்பவர் ஒரு மின்கருவியை ஆக்கி 1878 இல் காப்புரிமை பெற்றார். அதுவே இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிவந்த டப்லட் முறைக்கு மூலம். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி வடிவான கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. அவற்றினுள் வட்டத் தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். இரு நிலைய அதிபர்களும் இசைந்தாலன்றி ஒரு தகட்டையும் வெளியே எடுக்க இயலாது. ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு கருவியினுள் போடப்படும் வரை, இரு முனைகளிலும் மற்றொரு தகடு வெளிவராது. அத்தகட்டைக் கையிற் பெற்ற சாரதிக்கு மட்டுமே அந்த இடைவழியிற் செல்ல உரிமை உண்டு. வளையத்தோடு கூடிய தோற்பையில் வைத்து அதனைச் சாரதியிடம் நீட்டும் ஊழியரையும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை வளையத்தினுள் நுழைத்து அதனைப் பற்றிக்கொள்ளும் உதவியாளரையும் கண்ட பிள்ளைகள் வியந்து நிற்பதுண்டு. வேடிக்கை போலத் தோன்றும் அச்செயலிலே பல நூறு உயிர்களின் பாதுகாப்பு அடங்கியிருக்கின்றது.

சந்தி நிலையத்தில் இந்தப் பொறுப்பு மும்மடங்காகின்றது. சாதாரண நிலையத்துக்கு இரு திசைகள். மாகோவுக்கு மூன்று: தெற்கே கணேவத்தை, வடக்கே அம்பன்பொல, கிழக்கே மொரகொல்லாகம. ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே அனுமதி பெறவேண்டும். தண்டவாளத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பும் முட்களும், வண்டியை நிறுத்தவும் விடவும் செய்யும் சமிக்ஞைகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. முட்கள் கிழக்குப் பாதைக்குத் திருப்பப்பட்டிருந்தால் வடக்குப் பாதைக்குரிய சமிக்ஞை விழவே மாட்டாது. மனிதன் மறந்தாலும் பொறி மறக்கக்கூடாது என்பதே இவ்வமைப்பின் தத்துவம்.

இனி, பிரயாணிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விடயத்துக்கு வருவோம். இலங்கைப் படத்தை விரித்து இருப்புப்பாதைகளைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எல்லாப் பாதைகளும் கொழும்பையே நோக்கி வருகின்றன. மாகாணத்தை மாகாணத்தோடு நேராக இணைக்கும் பாதை இல்லை. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் மட்டக்களப்புக்குப் புகையிரதத்தில் செல்ல விரும்பினால், தெற்கு நோக்கி மாகோ வரை சுமார் 256 கிலோமீற்றர் இறங்கி, அங்கே வண்டி மாறி, மீண்டும் கிழக்காக 212 கிலோமீற்றர் செல்ல வேண்டும். திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே கரையில் உள்ள பட்டினங்கள். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் புகையிரதத்திற் செல்வோர் உள்நாட்டிலுள்ள கல்ஓயாச் சந்திக்கு வந்து திரும்பவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் செல்வோர் மதவாச்சிச் சந்திக்கு வந்து திரும்பவேண்டும். துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டுவரவும், தலைநகரிலிருந்து நிருவாகம் செய்யவும் வகுக்கப்பட்ட பாதைகள் இவை. ஊரும் ஊரும் உறவாடுவதற்காக அவை வகுக்கப்படவில்லை. அந்தக் குறையை ஒருவாறு நிரப்பும் பாரம் மாகோ, மதவாச்சி, கல்ஓயா ஆகிய மூன்று சந்திகளின் மீதே சுமத்தப்பட்டிருக்கின்றது.

ஆகவேதான் இணைப்பு வண்டி என்பது இங்கே பெரும் பிரச்சினையாகின்றது. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். வடக்கிலிருந்து வரும் வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று மாகோ நிலைய அதிபருக்குச் செய்தி வருகின்றது. அதிலே மட்டக்களப்புக்கு மாறவேண்டியவர் முப்பது பேர். மேடையிலே, புறப்படத் தயாராகக் கிழக்கு வண்டி நிற்கின்றது. அதிலே ஐந்நூறு பேர். முப்பது பேருக்காக ஐந்நூறு பேரை நிறுத்தலாமா? நிறுத்தினால் எதிரே வரும் வண்டியும் எங்கோ ஒரு காட்டு நிலையத்தில் காத்துக் கிடக்கும். நிறுத்தாவிட்டால், முப்பது பேரும் அடுத்த வண்டி வரும் வரை மேடையிலே இரவைக் கழிக்க நேரும். அவர்களுள் மரணச் சடங்குக்குச் செல்பவரும் இருக்கலாம். மறுநாட் காலையில் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனும் இருக்கலாம். கட்டுப்பாட்டு அலுவலகத்தோடு பேசி, சில நிமிடங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். எந்த முடிவும் எல்லாருக்கும் நன்மையாக இராது. சந்தி நிலையத்தின் நிருவாகம் இத்தகைய நுட்பமான நீதியை உடையது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு தீர்த்தன? நெதர்லாந்திலே 1970 இலும், சுவிற்சர்லாந்திலே 1982 இலும், நாடு முழுவதற்கும் ஒரு புதிய அட்டவணை முறை கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு பாதையிலும் ஒவ்வொரு மணிக்கும் ஒரே நிமிடத்தில் வண்டி புறப்படும் என்பது அதன் சாரம். ஜெர்மனியிலே 1979 முதல் நகரிடை விரைவு வண்டிகள் மணிக்கு ஒன்றாக ஓடத் தொடங்கின. கேல்ன், மன்ஹைம் போன்ற சந்திகளில் இரு திசை வண்டிகள் ஒரே மேடையின் இரு புறத்திலும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து நிற்கும். பிரயாணி மேடையைக் குறுக்கே கடந்து ஏறிக்கொள்வார். பெருநகரங்களில் மட்டுமன்றி, சிற்றூர்ச் சந்திகளிலும் இந்த முறை பரவியது. அங்கே ஒருவர் இணைப்பைத் தவறவிட்டால் பொதுவாக இழப்பது ஒரு மணி நேரம். ஆதலால் வண்டியை நிறுத்திவைக்க வேண்டிய அவசியமும் குறைவு. நாளொன்றுக்கு ஒரு சில வண்டிகளே ஓடும் பாதையிலோ, இணைப்பைத் தவறவிடுவது ஒரு நாளையே தவறவிடுவதாகும். ஆகையால் வண்டிகள் குறைந்த நாட்டில்தான் இணைப்பைப் பேணும் கடமை மிகுதி. இக்கருத்தை அட்டவணை வகுப்போர் மனங்கொள்ளுதல் நன்று.

மாகோவின் வரலாற்றிலே ஒளிமிக்க காலமும் உண்டு. இருண்ட காலமும் உண்டு. 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ரம்பால அவர்கள் புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராக இருந்த அக்காலத்தில், நீராவி இயந்திரங்களின் இடத்தை டீசல் இயந்திரங்கள் பிடித்துவந்தன. காலையில் கொழும்பில் ஏறியவர் அன்றே யாழ்ப்பாணத்தில் இறங்கலாம் என்பது அன்று பெரும் புதுமையாக இருந்தது. கிழக்குக்கு உதயதேவி ஓடியது. அரசாங்க ஊழியர், ஆசிரியர், வணிகர், பல்கலைக்கழக மாணவர் என்று பலதிறத்தார் விடுமுறைதோறும் இச்சந்தியைக் கடந்து சென்றனர்.

பின்னர் போர் வந்தது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோயிற்று. வவுனியாவுக்கு அப்பால் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன; அவற்றைத் தாங்கிய சிலிப்பர்க் கட்டைகள் பதுங்கு குழிகளுக்குப் பயன்பட்டன. நிலையங்கள் கூரையிழந்து நின்றன. கிழக்குப் பாதையிலும் சேவைகள் பலகாலம் தடைப்பட்டன. அந்த ஆண்டுகளில் கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர், பெற்றோர் சொல்லக் கேட்டேயன்றி, யாழ்தேவி காங்கேசன்துறை வரை சென்றதைக் கண்டறியார். மாகோ சந்தியிலே பாதை பிரிந்துதான் இருந்தது. ஆனால் பிரிந்த பாதைகள் சென்றடைய வேண்டிய ஊரைச் சென்றடையவில்லை.

போர் 2009 இல் முடிவுற்ற பின்னர், இந்திய அரசின் கடனுதவியோடு வடபாதை மீண்டும் அமைக்கப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி சென்றது. 2015 மார்ச்சில் தலைமன்னார்ப் பாதையும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் யாழ்ப்பாண நிலையத்தினுள் புகையிரதம் நுழைந்தபோது, முதியோர் கண்ணீர் வடித்ததும் சிறுவர் ஆரவாரித்ததும் இயல்பே. அடுத்து, மாகோவிலிருந்து ஓமந்தை வரையுள்ள 128 கிலோமீற்றர் பழைய பாதை புதுக்கப்பட்டது. அவ்வேலைக்காக 2023 இலும் 2024 இலும் சேவைகள் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 ஆம் திகதி அநுராதபுரத்தில், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவும் அப்பாதையைத் திறந்துவைத்து, மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலான புதிய சமிக்ஞை முறையை அமைக்கும் பணியையும் தொடக்கிவைத்தனர்.

கிழக்குப் பாதையின் கதை வேறு. மாகோவை விட்டுப் புறப்படும் அப்பாதை, கலாவாவியின் அருகாகவும் ஹபரணைக் காடுகளின் ஊடாகவும் செல்வது. காட்டு யானைகள் நீர் தேடிப் பாதையைக் கடக்கும் பிரதேசம் அது. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி ஹபரணைப் பகுதியில் பிரயாணிகள் வண்டியொன்று யானைக் கூட்டத்தோடு மோதி, ஆறு யானைகள் மாண்டன, வண்டியும் தடம்புரண்டது, பிரயாணிகளுக்கு உயிர்ச்சேதம் இல்லை. இத்தகைய விபத்தைத் தவிர்க்க வேண்டுமாயின் இரவிலே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். வேகம் குறைந்தால் பிரயாண நேரம் நீளும். நேரம் நீண்டால் மாகோவில் இணைப்பு மாறுபடும். காட்டிலே ஓர் யானைக்குக் கொடுக்கும் வழியைச் சந்தியின் அட்டவணையிலே முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். நாற்பது நிமிடத்தை மறைத்து வைத்த அட்டவணை, மனிதனையும் ஏமாற்றும், விலங்கையும் கொல்லும்.

இறுதியாக, பிரயாணிகள் மனங்கொள்ள வேண்டியவை சில உண்டு. வடக்குக்கும் கிழக்குக்கும் செல்லும் வண்டிகள் அடுத்தடுத்துப் புறப்படும் வேளைகளில், ஏறுமுன் வண்டியின் பெயரையும் சேருமிடத்தையும் கேட்டறிதல் வேண்டும். ஒரே வண்டியின் பெட்டிகள் வழியிற் பிரிக்கப்படுவதாயின், தாம் இருக்கும் பெட்டி எவ்வூருக்குரியது என்பதையும் அறிதல் வேண்டும். கல்ஓயாவில் விழித்துத் திருகோணமலைக்குப் பதிலாக மட்டக்களப்புக்குச் சென்றவர் கதை நகைச்சுவையாகச் சொல்லப்படினும், சென்றவருக்கு அது நகைச்சுவையன்று. மாகோவில் மாறவேண்டியவர் அதனை வண்டியின் கார்டிடம் முன்னரே அறிவித்தல் நன்று. இத்தனை பேர் மாறுவதற்கு இருக்கின்றனர் என்று தெரிந்தால்தான் நிலைய அதிபர் நீதியான முடிவுக்கு வர இயலும். சொல்லாத பிரயாணி கணக்கில் வராத பிரயாணி. அவ்வாறே, சந்தியிலே செய்யப்படும் அறிவித்தல்கள் மூன்று மொழிகளிலும் தெளிவாக ஒலிக்கவேண்டும் என்று கேட்பது பிரயாணியின் உரிமை. நள்ளிரவில் அந்நிய ஊரின் மேடையில் நிற்கும் ஒரு மூதாட்டிக்கு, தன் மொழியிற் கேட்கும் ஒரு வாக்கியம் கைவிளக்கை ஒக்கும்.

பெரிய கட்டடங்களும் அலங்கார வளைவுகளும் மாகோவில் இல்லை. அது சேருமிடமும் அன்று. அங்கே செல்வதற்கென்று கொழும்பிலிருந்து புறப்படுவோர் சிலரே. ஆயினும், ஒரு நாட்டின் புகையிரதம் எத்தகையது என்பதை அதன் தலைநகர நிலையத்தைப் பார்த்து அளவிடுதல் போதாது. இரவு இரண்டு மணிக்கு ஒரு சந்தியிலே வண்டி மாறும் ஏழைப் பிரயாணிக்கு அங்கே என்ன கிடைக்கின்றது என்பதைப் பார்த்தே அளவிடுதல் வேண்டும். அங்கே விளக்கு எரிந்து, இருக்கை இருந்து, குடிக்க நீர் கிடைத்து, அவர் ஏறவேண்டிய வண்டி அவருக்காகச் சற்றே காத்து நிற்குமாயின், வடக்கும் கிழக்கும் பிரியும் அதே இடம் அவை கூடும் இடமும் ஆகும்.